மீன் குழம்புக் காரம், நான்கு நாளாக வயிறு சரியில்லை

வணக்கம். நான் கடலூர் முதுநகர். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தோம். புது மிளகாய்த்தூள், எண்ணெய் சிவப்பாக மேலே மிதந்தது. சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் சோறு போட்டுப் பிசைந்து தின்றேன், அது என் தப்புதான்.

ராத்திரியே நெஞ்செரிச்சல், விடியற்காலையில் வயிற்றுப்போக்கு. போகும்போதும் எரிச்சல்! மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள் முழுதாகச் செரிக்காமல் குடல் கடைசி வரை போகுமாம். அது தண்ணீரில் கரையாது என்று பால் குடித்தேன். வாய் அடங்கியது, வயிறு அடங்கவில்லை.

இன்று புதன். காய்ச்சல் இல்லை, ரத்தமும் இல்லை. ஓஆர்எஸ் பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறேன், அப்புறம் மோர் சாதம். போக்கு குறைந்துவிட்டது, ஆனால் எது சாப்பிட்டாலும் மேல்வயிறு எரிகிறது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, அதனால் மீன் மேல் சந்தேகம் இல்லை.

மருந்துக்கடையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்காமல் போடலாமா? இப்படி அவதிப்பட்டவர்கள் எத்தனை நாளில் சரியானீர்கள்? புதுச்சேரி ஜிப்மரில் குடல் பிரிவுக்குப் போனவர்கள் இருந்தால், காலையில் எத்தனை மணிக்கு வரிசையில் நின்றால் சீட்டு கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.