நேரில் அறியாதவர் ஒரு நாவலைப் பற்றிப் பேசக் கூடாதா?

மந்தைவெளி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்ற மாதம் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய 'தோட்டியின் மகன்' நாவலை எடுத்துக்கொண்டோம். ஆலப்புழையில் மலம் அள்ளிய குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. பணம் சேர்ப்பதற்காகச் சக தொழிலாளர்களின் சங்கத்துக்கே துரோகம் செய்யும் சுடலைமுத்துவின் பாத்திரத்தைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசினேன். குறிப்புகள் எடுத்து, நன்றாகவே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

பேசி முடித்ததும், அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த ஒருவர், "எல்லாம் சரிங்கம்மா, ஆனா நீங்க பேசினதுல வாடையே இல்லையே" என்றார். அவருடைய தாய்மாமா இந்த ஊரில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு எழவில்லை.

என் குழப்பம் இதுதான். நேரடி அனுபவம் இல்லாதவருக்கு இத்தகைய நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லையென்றால், வழக்கறிஞராக இருந்த தகழிக்கு இதை எழுதும் உரிமை எங்கிருந்து வந்தது? இல்லை, வாசிப்பே போதும் என்றால், அந்த ஒரு வாக்கியம் ஏன் என்னை இத்தனை நாள் உறுத்துகிறது?

பெரும்பாக்கம் ஏழாம் மாடி:

அம்மா, வணக்கம். நாங்கள் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம். நாங்கள் போனதற்குப் பிறகு எங்களைப் பற்றி நிறைய எழுதினார்கள்; நானும் அவற்றில் பலவற்றைத் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் 'வாழ்வாதாரப் பாதிப்பு' என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல் பொய்யில்லை. ஆனால் என் தாயார் மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். முன்பு நடந்தே போனவர், இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்த பிறகு, இருட்டோடு எழுந்து பேருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. லிஃப்ட் ஓடாத நாட்களில் ஏழு மாடி இறங்கி, இரவு அதே ஏழு மாடி ஏற வேண்டும். காலை ஆறு மணிக்குக் காபிப் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்ற வீடு முதலில் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு இன்னொன்றும் போனது. மூன்று ஒன்றாகிப் போனதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றியிருக்காது.

இதைச் சொல்லிவிட்டு, அனுபவத்தின் பக்கம் மட்டும் நான் நிற்கப் போவதில்லை. எனக்கு அனுபவம் முழுதாக இருந்தது, ஆனால் காரணம் ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் தலையெழுத்து என்றே நினைத்திருந்தேன். 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டதையும், தொடக்கத்தில் பல இடங்களில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தந்ததையும், பின்னர்தான் நகருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது பெருகியதையும், 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியதையும் நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் அறிந்தேன். அம்மாவின் கால் வீங்கியிருப்பது எனக்குத் தெரியும். அது ஒரு கொள்கையின் வீக்கம் என்பதைப் படிப்புதான் காட்டியது.

அந்த நண்பர் உங்களை வாயை மூடச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஏன் அவரிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கேள்வி பழையது. அகப்பாடல்களின் புலனெறி வழக்கத்தில், அதாவது புலவர் பாடும் மரபில், நாடக வழக்கு என்னும் கற்பனையும் உலகியல் வழக்கு என்னும் நடைமுறையும் சேர்ந்தே இருக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நெய்தல் பாடிய புலவர் எல்லாரும் கடலுக்குள் போனவர்கள் அல்லர். ஆனால் இறா எப்போது வரும், புன்னை எப்போது பூக்கும் என்பதில் அவர்கள் தவறு செய்தால் ஊர் சிரித்திருக்கும்.

நவீன இலக்கியத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பாமா 'கருக்கு' எழுதியது தம் சொந்த வாழ்க்கையிலிருந்து. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளி அல்லர். தூத்துக்குடிக்குப் போய், அந்த மக்களோடு பழகி, விவரம் சேகரித்த பிறகே 'கரிப்பு மணிகள்' எழுதினார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், தாம் வருவதற்கு முந்தைய காலத்துக் கொடுமைகளை ஆங்கிலத்தில் நாவலாக்கினார், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அதுவே 'எரியும் பனிக்காடு'. ஒருவர் வாழ்ந்தார், ஒருவர் தேடிச் சென்றார், ஒருவர் அருகிலிருந்தார். மூன்றையும் 'நேரடி அனுபவம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் நம் விவாதங்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகின்றன.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 'கரிப்பு மணிக'ளைக் கூடுதல் வாசிப்பாகக் கொடுத்திருந்தேன். சென்னை மாணவர்கள் பலர், உப்பளத்தின் வெண்மையை உழைப்பின் தூய்மைக்குக் குறியீடாக்கிக் கட்டுரை எழுதியிருந்தார்கள். நானும் நல்ல மதிப்பெண்ணே போட்டேன். தூத்துக்குடியிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி மட்டும், "ஐயா, அந்த வெள்ளை கண்ணைக் குத்தும்" என்று ஒரே வரி சொன்னாள். அந்த ஆண்டு கோடையில் அவர்களை மரக்காணம் உப்பளத்துக்குக் கூட்டிச் சென்றேன். காலை பதினொரு மணிக்கு வரப்பில் நின்ற எவராலும் கண்ணைத் திறந்து பாத்தியைப் பார்க்க முடியவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, தலை குனிந்து, ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தோம். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையைப் புருவம் வரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்த பிறகு எழுதிய கட்டுரைகளில் தூய்மை என்ற சொல் காணாமல் போயிருந்தது. நாவலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எதைக் குறியீடாக எடுப்பது, எதை எடுக்கக் கூடாது என்பது மட்டும் மாறிப்போனது. தகழியின் நாவலில் வாடை இல்லை என்று அந்த நண்பர் சொல்லவில்லை, கவனியுங்கள். உங்கள் பேச்சில் இல்லை என்றுதான் சொன்னார்.

களப்பணி மாணவி:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் போய்ப் பார்ப்பதன் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சமூகப்பணிப் படிப்புக்காக நானும் வடசென்னையில் ஒரு குடியிருப்புக்குப் படிவங்களோடு போனேன். ஒரு பாட்டியிடம் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டேன். நான் கேள்வியை முடிப்பதற்குள் அவர் பதிலை வரிசையாக, எனக்கு எழுத வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு முன்பே பல குழுக்கள் வந்து அதே கேள்வியைக் கேட்டுப் போயிருந்தன. நான் நேரில்தான் இருந்தேன், ஆனால் எனக்குக் கிடைத்தது அச்சடித்த பதில். நான்காவது வாரம், படிவம் இல்லாமல் போய்க் குழாயடியில் வெறுமனே நின்றபோதுதான், அவருக்கு உண்மையில் தண்ணீரைவிட மருமகளின் வேலை போனதே பெரிய கவலை என்பது தெரிந்தது.

மந்தைவெளி வாசகி:

எல்லாருக்கும் நன்றி. "ஏன் கேட்கவில்லை" என்ற கேள்வி குத்தியது. நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 1993, 2013 ஆண்டுச் சட்டங்கள் எனக்குத் தெரியும். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2023-இல் அது 30 லட்சமானதும் என் குறிப்பேட்டில் இருந்தன. மூடியைத் திறந்ததும் கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாமா இறங்குவார் என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தாலும் குளிக்காமல் வாசற்படி தாண்ட மாட்டாராம். தம் மகனை வேலை நடக்கும் தெருப் பக்கமே வரவிட்டதில்லை. கூட வேலை பார்த்தவர்களின் வீட்டு விசேஷங்களுக்கும் அனுப்பியதில்லை. கர்வம் பிடித்தவர் என்று சொந்தக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பையன் படித்துவிட்டான், ஆனால் மாமாவின் சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது என்றார்.

நான் சுடலைமுத்துவைப் பற்றிப் பேசியபோது 'பேராசை' என்ற சொல்லை எத்தனை முறை பயன்படுத்தினேன் என்று குறிப்பேட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஆறு முறை. தன் மகனுக்கு மோகனன் என்று, அந்தத் தெருவில் எவரும் வைக்காத பெயரை வைத்த மனிதன் அவன். அதைக் கதைச் சுருக்கத்தில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நண்பர் நாவலைப் பாதிக்கு மேல் படிக்கவில்லையாம். கூட்டத்துக்கு வந்தபோதும் படித்து முடித்திருக்கவில்லை. சுடலைமுத்து சேர்த்த பணம் கடைசியில் என்ன ஆகிறது என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை. என் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.