கடை ஜிமெயில், இன்ஸ்டா, பில்லிங் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்: எதிலிருந்து மாத்தணும்?

எம்.சி. ரோடு துணிக்கடை:
வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல நைட்டி, சுடிதார் மொத்த வியாபாரம். ஆர்டர் வாட்ஸ்அப் பிசினஸ்லயும் இன்ஸ்டாலயும்தான் வருது. ஜிமெயில், இன்ஸ்டா, கூரியர் சைட், பில்லிங் எல்லாத்துக்கும் கடைப்பேரோட '@123' சேர்த்ததுதான் பாஸ்வேர்ட். கடைப்பசங்க மூணு பேருக்கும் தெரியும், கல்லா பக்கத்துல ஸ்டிக்கராவும் ஒட்டியிருக்கு. தீபாவளி சீசனுக்குள்ள சரி பண்ணணும். எதை முதல்ல மாத்தணும்? கஷ்டமான பாஸ்வேர்டை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? மாசாமாசம் மாத்தணும்னு சொல்றாங்களே, நெஜமா?

பெரம்பூர் கணினி:
முதல்ல ஜிமெயில் அண்ணா. இன்ஸ்டாலயோ கூரியர் சைட்லயோ 'பாஸ்வேர்ட் மறந்துடுச்சு'ன்னு அழுத்தினா லிங்க் வந்து விழறது அங்கதான். ஜிமெயில் போச்சுன்னா மத்த மூணும் அரைமணி நேரத்துல போயிடும்.

பாஸ்வேர்டை யாரோ உட்கார்ந்து யூகிக்கறாங்கன்னு நினைக்காதீங்க. ஏதோ ஒரு சின்ன சைட்டோட டேட்டா கசியும். அதுல இருக்கற மெயில், பாஸ்வேர்ட் ஜோடியை எடுத்து ஜிமெயில், இன்ஸ்டான்னு வரிசையா மெஷினே போட்டுப் பார்க்கும். அதனால ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்துல வைக்கறதுதான் உங்களுக்கு இருக்கற பெரிய ஓட்டை. '@123'க்குப் பதிலா '@2025' போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல.

மாசாமாசம் மாத்த வேணாம். அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்டே 2017 வழிகாட்டுதல்ல அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிடுச்சு. அடிக்கடி மாத்தச் சொன்னா யாரா இருந்தாலும் கடைசி நம்பரைத்தான் ஒண்ணு கூட்டுவாங்க. வேலைக்காரப் பையன் நின்னுட்டா, டேட்டா கசிஞ்சதுன்னு தெரிஞ்சா, போலி லிங்க்ல டைப் பண்ணிட்டா அன்னைக்கே மாத்துங்க.

ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: ஜிமெயிலோடதும் பாஸ்வேர்ட் மேனேஜரோடதும் (எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வெச்சு, தேவைப்படறப்ப நிரப்பற ஆப்). பிட்வார்டன்னு ஒரு மேனேஜர் இலவசமாவே ஃபோன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் ஓடும். மத்ததுக்கெல்லாம் அதுவே 20 எழுத்துல உருவாக்கட்டும், நீங்க பார்க்கக்கூடத் தேவையில்ல. இன்னொரு நன்மை: போலி இன்ஸ்டா பக்கத்துல அது தானா நிரப்பாது, ஏன்னா முகவரி பொருந்தாது. 'காப்பிரைட் புகார், 24 மணி நேரத்துல பேஜ் முடக்கப்படும்'னு வர்ற மெசேஜ் லிங்கைத் திறந்து, பாஸ்வேர்ட் தானா வரலைன்னா, கையால டைப் பண்ணாம வெளிய வந்துடுங்க.

ராயபுரம் வாசி:
அந்த ரெண்டு பாஸ்வேர்டையும் சொற்களால் அமையுங்கள், ஆனால் சொற்களை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனம் தேர்ந்தெடுத்தால் பிள்ளை பெயர், சாமி பெயர், பாட்டு வரி என்றுதான் போகும். அவையெல்லாம் திருடர்களின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் ஈ.எஃப்.எஃப். அமைப்பு 2016இல் வெளியிட்ட பட்டியலில் 7776 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. லூடோ பகடையை 5 முறை உருட்டினால் ஒரு சொல்லின் எண் கிடைக்கும் (6x6x6x6x6 = 7776). தாயக்கட்டை உதவாது, அதில் நான்கு முகம்தான். இப்படி 6 சொற்கள் எடுங்கள்.

தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் தடிமனான அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த சொல்லை எடுக்கலாம். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போதுதான் சிக்கல். 'புழுதி'யில் ழகரத்தை இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் எழுதுவீர்கள், 'தி'க்கு 'எச்' உண்டா இல்லையா என்று தடுமாறுவீர்கள். திரும்பத் திரும்பத் தவறினால் ஜிமெயில் நம்மையே சந்தேகிக்கும். 'நரி', 'மரம்', 'பல்லி', 'கம்பி' போல ஒரே விதமாக எழுத வருபவையாகக் கிடைக்கும்வரை திறந்துகொண்டே இருங்கள்.

மேனேஜரின் முதன்மைப் பாஸ்வேர்ட் மறந்தால் அந்த நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். கடையில் வேண்டாம்.

தண்டையார்பேட்டை சிம்:
பாஸ்வேர்டோட நிறுத்திடாதீங்க, ஓடிபி வர்ற சிம்மையும் பூட்டணும். ஃபோன் செட்டிங்ஸ்ல சிம் லாக் பின் போடுங்க. போடும்போது முதல்ல பழைய பின் கேட்கும், அதைக் குத்துமதிப்பா அடிக்காதீங்க, கம்பெனிகிட்ட கேளுங்க. 3 தடவை தப்பினா பியுகே (பூட்டின சிம்மைத் திறக்கற நம்பர்) கேட்கும், அதையும் 10 தடவை தப்பினா சிம் செத்துடும். உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல பார்க்கலாம். ஜிமெயில்ல ரெகவரி நம்பரா பழைய நம்பர் கிடந்தா உடனே எடுங்க. நிறுத்தின நம்பர் 90 நாளைக்கு அப்புறம் வேற ஆளுக்குப் போகலாம்.

வாட்ஸ்அப்ல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு 6 இலக்க பின் வைங்க, மெயிலும் சேருங்க. மெயில் இல்லாம பின்னை மறந்தா 7 நாள் காத்திருக்கணும், சீசன்ல அது தாங்காது. பசங்களுக்கு ஓடிபி சொல்லாதீங்க, லிங்க்டு டிவைஸா சேர்த்துக் கொடுங்க. வேலையை விட்டுப் போனா அங்கயே லாக்அவுட் பண்ணலாம். இன்ஸ்டாவுக்கும் மெட்டா பிசினஸ் சூட்ல ஆளைச் சேர்த்து மெசேஜ் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம், பாஸ்வேர்ட் சொல்ல வேண்டியதே இல்ல.

எம்.சி. ரோடு துணிக்கடை:
ஜிமெயில் மாத்திட்டேன். லாகின் கோட் காட்டற ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் போட்டேன், ஆனா அது காட்டற 6 இலக்கத்தை அடிச்சா தப்புன்னு வருது. இன்னொண்ணு, 'உங்கள் சாதனங்கள்'ல தெரியாத ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு, சைன் அவுட் பண்ணிட்டேன். போதுமா?

பெரம்பூர் கணினி:
கோட் 30 செகண்டுக்கு ஒருதடவை மாறும், ஃபோன் கடிகாரத்தை வெச்சுத்தான் கணக்கு. கடிகாரம் ரெண்டு நிமிஷம் தள்ளிப்போனா எல்லாமே தப்பாகும். தேதி, நேரத்தை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்க. கூகுள் தர்ற 10 பேக்அப் கோடையும் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டோட வைங்க, ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் செல்லும். பழைய ஃபோனை பர்மா பஜார்ல எக்ஸ்சேஞ்ச் போடறதுக்கு முன்னாடி ஆத்தென்டிகேட்டரைப் புது ஃபோனுக்கு மாத்தணும், மறந்துடாதீங்க.

சைன் அவுட் மட்டும் போதாது. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸ்ல 'ஃபார்வர்டிங்' பக்கத்தைப் பாருங்க, மொபைல் ஆப்ல அது தெரியாது. உள்ள வந்தவன் அங்க தன்னோட மெயிலைச் சேர்த்திருந்தா, பாஸ்வேர்ட் மாத்தினாலும் உங்க மெயில் அவனுக்குப் போய்க்கிட்டேதான் இருக்கும். பக்கத்துலயே 'ஃபில்டர்ஸ்' இருக்கும், நீங்க போடாத விதி இருந்தா அழிச்சுடுங்க. காசு ஏதாவது போயிருந்தா பேங்குக்குப் போறதுக்கு முன்னாடியே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க.

எம்.சி. ரோடு துணிக்கடை:
நேரத்தை ஆட்டோமேட்டிக் ஆக்கினதும் கோட் எடுத்துக்கிச்சு. ஃபார்வர்டிங் காலி. ஃபில்டர்ல 'இன்ஸ்டாகிராம்'னு வர்ற மெயிலெல்லாம் நேரா ட்ராஷுக்குப் போற மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அழிச்சுட்டேன். இன்ஸ்டா பாஸ்வேர்டை இப்பவே மாத்தறேன்.