புதுப்பிப்பு: வீட்டு டிவிடி கணினியில் ஓடியது

கேம்கார்டரில் பதிவான 8 செ.மீ. டிவிடி-ஆர் தட்டு, கணினியில் போட்டால் காலி என்று காட்டுகிறது எனக் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: தட்டு ஃபைனலைஸ் (பதிவை முடித்து மூடுதல்) செய்யப்படவில்லை. அதைச் செய்யும்வரை தட்டின் உள்ளடக்கப் பட்டியல் முழுமையாக எழுதப்படாது. பதிவு செய்த கேமராவுக்கு மட்டும் படிக்கத் தெரியும்.

கேமரா இருந்தால் அதன் மெனுவிலேயே ஃபைனலைஸ் உண்டு. பேட்டரியை நம்பாதீர்கள், அடாப்டரைச் செருகுங்கள். பாதியில் மின்சாரம் போனால் தட்டே பாழாகலாம். கேமரா இல்லையென்றால் ஐசோபஸ்டர் மென்பொருளில் முயலலாம், ஃபைனலைஸ் ஆகாத தட்டையும் படிக்கும். தட்டைக் கணினி டிரைவின் ட்ரேயில் நடுவிலுள்ள சின்னப் பள்ளத்தில் வையுங்கள். ட்ரே இல்லாமல் தட்டை உள்ளிழுக்கும் டிரைவில் போடவே கூடாது, சிக்கிக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் பிளேயர். விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதி உடன் வருவதில்லை. விஎல்சி என்ற இலவச பிளேயர் போதும். படத்தில் கை அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், தட்டில் கோளாறு இல்லை. அது இன்டர்லேஸ், அதாவது படத்தை ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக இரண்டு பாதியாகப் பதியும் முறை. விஎல்சியில் 'டீஇன்டர்லேஸ்' போட்டு, அதன் முறையாக 'யாடிஃப்' தேர்ந்தெடுங்கள்.

ஓடியதும் முதல் வேலையாகத் தட்டு முழுவதையும் ஐஎஸ்ஓ கோப்பாக (முழுத் தட்டின் நகல் ஒரே கோப்பில்) ஹார்ட் டிஸ்கில் எடுத்துவையுங்கள். ஒரு தட்டு 1.4 ஜிபிதான். தட்டில் வீடியோ இருக்கும் விஓபி கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால், நீளமான பதிவு 1 ஜிபி தாண்டும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.