'டை வெரைட்டி'க்குத் தமிழ்: கனடாவின் பெரிய சதங்களை முன்வைத்து

மடல் 1

வணக்கம்.

கனடாவின் பெரிய சதங்களுக்கான (1858 முதல் 1920 வரையிலான, ஓர் அங்குல விட்டமுள்ள ஒரு சதக் காசுகள்) விளக்கப்பட்டியலின் வரைவில் 'டை வெரைட்டி', அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சின் வேறுபாடு, வரும் இடமெல்லாம் 'அச்சுவகை' என்று போட்டிருக்கிறோம். இது நிற்காது. 'வகை' என்ற சொல் வேறொரு வேலைக்கு வேண்டும். 1858, 1859 ஆண்டுகளில் கனடா மாகாணத்துக்காக லண்டனில் அடித்த சதம் ஒரு வகை. 1876 முதல் 1901 வரை வந்த விக்டோரியா ராணியின் சதம் இன்னொரு வகை. பிறகு 1902–1910 எட்வேர்ட் மன்னர், 1911–1920 ஜோர்ஜ் மன்னர். 1911ஆம் ஆண்டுச் சதத்தில் 'இறையருளால்' என்று பொருள்படும் இலத்தீன் தொடர் விடுபட்டு, 1912இல் திரும்பி வந்தது. அந்த ஆண்டுச் சதம் எல்லாவற்றுக்கும் இது பொது. ஆகவே அதுவும் வகைக்குள் ஓர் உட்பிரிவுதான். 1900இல் எச் எழுத்து உள்ளதும் இல்லாததும் உண்டு. எச் என்றால் பர்மிங்ஹாமில் ஹீட்டன் நிறுவனம், எச் இல்லையென்றால் லண்டன். அதற்கு 'அக்கசாலைக் குறி' (அக்கசாலை என்பது காசு அடிக்கும் இடம்) என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டோம்.

இப்போது சொல் இல்லாமல் தவிப்பது இதற்குத்தான்: ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலை, ஒரே வடிவம். ஆனாலும் வேறு அச்சால் அடித்தது என்று காசைப் பார்த்தே சொல்ல முடிகிறது. அதை எப்படிச் சொல்வது?

மடல் 2

என் முன்மொழிவு 'அச்சுபேதம்'. சுவடிப் பதிப்பில் ஒரே பாட்டு வேறு வேறு ஏட்டில் வேறு வேறாக வந்தால் 'பாடபேதம்' என்கிறோம். எது மூலம், எது பிழை என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. 'அச்சுத்திரிபு' என்று இன்னொரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். திரிபு என்றதுமே ஏதோ ஒன்று கெட்டுப்போனதாகத் தொனிக்கும். 1891ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலை பெரிது, இலை சிறிது என்று பின்பக்கம் இரண்டு. ஆண்டு எண் பெரிது, சிறிது என்று இரண்டு. இவற்றில் மூன்று சேர்க்கைதான் புழக்கத்தில் வந்தன, பெரிய எண்ணோடு சிறிய இலை வரவில்லை. பெரிய எண் பெரிய இலைதான் சாதாரணமாகக் கிடைக்கும், மற்ற இரண்டும் அருமை. ஆனால் இந்த மூன்றில் எதையும் திரிந்தது என்று சொல்ல முடியாது.

இன்னொரு இடைவெளியையும் சேர்த்தே அடைத்துவிடலாம். அச்சைச் செய்யப் பயன்படும் 'ஹப்'புக்கு வரைவில் 'தாய் அச்சு' என்று இருக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. காசை அடிக்கும் அச்சில் உருவம் குழிந்திருக்கும். அந்த அச்சை உருவாக்கும் கருவியில் உருவம் புடைத்திருக்கும். இரண்டையும் 'அச்சு' என்றால் படிப்பவர் எதைக் குழி, எதை மேடு என்று நினைப்பார்? நாணய முத்திரைக்குக் 'கம்பட்டமுளை' என்ற பழைய சொல் அகராதியில் இருக்கிறது. அதிலிருந்து முளையை மட்டும் எடுத்து, புடைத்த கருவிக்கு வைத்துவிடலாம்: முழு உருவமும் உள்ளது 'தாய்முளை', ஒற்றை எண்ணைக் குத்துவது 'எண்முளை', ஒற்றை எழுத்தைக் குத்துவது 'எழுத்துமுளை'. குழிந்தது மட்டும் அச்சு. இப்படிப் பிரித்தால் 1859 பற்றி ஒரே வரியில் எழுதலாம்: "1858 அச்சின் கடைசி 8இன் மேல் அகன்ற 9 எண்முளையால் குத்தப்பட்டது."

மடல் 3

பேதம் எனக்குச் சம்மதம், முளை மிகவும் சம்மதம். ஆனால் காசில் வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் பேதம் என்று பட்டியலில் ஏறிவிடுமே என்ற கவலை இருக்கிறது. விற்பனைக்கு வரும் 'இரட்டை எழுத்து' சதங்களில் பெரும்பாலானவை அச்சுக்குச் சம்பந்தமே இல்லாதவை. சொல்லோடு வரையறையும் வேண்டும். மூன்று கேள்வி போதும்.

அச்சில் மனிதர் கருவி வைத்து ஏற்படுத்திய வேறுபாடா? அப்படியென்றால் பேதம். 8இன் மேல் 9, ஒரே 9ஐ இருமுறை குத்தியது, 1891இன் வேறு எண், வேறு இலை எல்லாம் இதில் அடங்கும்.

அச்சு வேலை செய்யச் செய்ய அதில் ஏற்பட்ட மாற்றமா? அது 'அச்சுநிலை'. வெண்கலம் செம்பைவிடக் கடினம், அதனால் 1859 அச்சுகள் நிறைய வெடித்தன. வெடிப்பு காசில் மேடான கோடாகத் தெரியும். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். நகத்தால் தடவிப் பார்க்கக் கூடாது, காசு கெட்டுவிடும். விளக்கைச் சாய்த்துக் காசைச் சுழற்றினால் நிழல் விழும் பக்கத்தை வைத்தே மேடா பள்ளமா என்று தெரிந்துவிடும். வெடிப்பு முற்றி அச்சின் ஓரம் பெயர்ந்துபோனால் காசின் விளிம்பில் உருவமற்ற மேடு வரும். அதற்கு நேர் மறுபக்கத்தில் எழுத்து மங்கியிருக்க வேண்டும். உலோகம் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடுவதால் மறுபக்க அச்சை நிரப்ப ஆள் இல்லை. மறுபக்கம் கூர்மையாக இருந்தால் அந்த மேடு பின்னால் ஒட்டியதா, அடிபட்டதா என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, அந்த ஒரு காசை அடிக்கும்போது மட்டும் நடந்ததா? அது 'அடிப்புப் பிழை'. அச்சு சற்றுத் தளர்ந்து அடிக்கும் கணத்தில் நகர்ந்தால் எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு தட்டையான தளம் விழும். இதுதான் ஏமாற்றும் இரட்டை. அளந்து பாருங்கள்: தட்டைப் படியையும் சேர்த்தால்தான் எழுத்து வழக்கமான அகலத்துக்கு வரும், ஏனென்றால் படி எழுத்திலிருந்தே வெட்டப்பட்டது. எண்முளையால் இருமுறை குத்தியதில் அப்படி இல்லை. முதல் 9 முழு அகலத்தில் இருக்கும், இரண்டாவது 9இன் வளைவு அதற்கு வெளியே, உருண்ட மேடாக, பிளவுபட்ட முனையோடு தெரியும். அச்சில் பிசுக்கு அடைத்து எழுத்து காணாமல் போவதும் அடிப்புப் பிழைதான். பிசுக்கு இன்று இருக்கும், நாளை உதிர்ந்துவிடும்.

ஆகவே பேதம் என்று சொல்லுமுன் ஒரு நிபந்தனை: அதே அடையாளம் குறைந்தது இரண்டு காசில், அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு புதுப் பேதம் அறிவிப்பவர்களை என்ன செய்வது என்பது கலைச்சொல்லுக்கு அப்பாற்பட்ட விஷயம்.

மடல் 4

சொல்லின் எழுத்து பற்றி ஒன்று. அச்சு வன்தொடர்க் குற்றியலுகரம். இலக்கணப்படி 'அச்சுப்பேதம்' என்று வலி மிக வேண்டும். ஆனால் ப் போட்டவுடன் உச்சரிப்பு 'பே' என்று அழுத்தமாகி, பேதம் பேயாட்டம் ஆடுகிறது. 'அச்சுபேதம்' என்றே இருக்கட்டும். வடசொல் என்ற சலுகை.

மடல் 5

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் மடலின் கேள்விகளில் ஓரிடம் வழுக்கும். நடுவில் வில்லை (உருவம் பதியாத வெற்றுத் தகடு) இல்லாமல் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மோதினால் மறுபக்க உருவத்தின் வரம்பு அச்சில் பதிந்துவிடும். ராணியின் முகத்தருகே பின்பக்கத்து மணி வளையத்தின் தடம் மேடாக வரும். அச்சில்தான் இருக்கிறது, பல காசில் திரும்ப வரும், ஆனாலும் மனிதர் கருவி வைத்ததல்ல. ஆகவே அச்சுநிலை. இதுவரை சரி.

அடுத்து அக்கசாலைக்காரர் அந்தத் தடத்தைப் போக்க அச்சின் முகத்தைத் தேய்த்து மெருகிடுகிறார். இப்போது கருவி வைத்தாயிற்று. அச்சின் முகம் என்பது காசின் வெற்றுப் பரப்பு. அதைத் தேய்த்தால் ஆழம் குறைந்த பகுதிகள் முதலில் மறையும். பின்பக்கத்துக் கொடியில் இலைக்காம்பு அறுந்து, இலை தனியாகத் தொங்குவது போல் தெரிவது இதனால்தான். இதைப் பேதம் என்று ஏற்றினால், ஒரே அச்சு தேய்ப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு பேதமாகும். பட்டியல் முடியவே முடியாது. ஆகவே விதியைச் சற்று இறுக்கலாம்: கருவி புதிதாக உருவத்தைச் சேர்த்தால் பேதம், இருந்ததை நீக்கினால் அச்சுநிலை. சிதைந்த எழுத்தை எழுத்துமுளையால் மறுபடி குத்தியிருந்தால் சேர்த்தல்தான், அது பேதம்.

இந்த விதியோடு மாதிரிப் பதிவு ஒன்று:

1859, அகன்ற 9, 8இன் மேல். எடை 4.54 கிராம் (100 சதம் ஒரு பவுண்டு), விட்டம் 25.4 மில்லிமீற்றர், அதாவது சரியாக ஓர் அங்குலம். பேதம்: 9இன் வளைவுக்குள் 8இன் எச்சம். பார்க்கும் முறை: 10 மடங்கு உருப்பெருக்கி, ஒரே விளக்கு, தாழ்ந்த கோணம், காசை மெதுவாக ஒரு முழுச் சுற்று. அழுக்கு இருந்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்க வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது. அச்சுநிலை: வெடிப்பு எங்கிருந்து எங்கே என்று கடிகார எண்ணால்.

எடையை முதலில் எழுதக் காரணம், 1876 முதல் சதம் 5.67 கிராமாக, 80க்கு ஒரு பவுண்டாக மாறியது. விட்டம் மாறவில்லை. ஆண்டு எண் தேய்ந்துபோன காசை எந்த வகையில் வைப்பது என்பதைத் தராசு சொல்லிவிடும். நன்றாகத் தேய்ந்தது கொஞ்சம் எடை இழந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

மடல் 6

பதிவு நன்று. 1859இன் பித்தளைச் சதத்தை எந்தத் தலைப்பில் வைப்பது என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். அது அச்சு சார்ந்ததே அல்ல, அடித்த விதமும் அல்ல. உலோகம் வேறு. 'வில்லை வேறுபாடு' என்று நான்காவது தலைப்பு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். வழக்கமான வெண்கலத்தில் செம்பு 95, வெள்ளீயம் 4, துத்தநாகம் 1 சதவீதம். மருந்தில் முக்கிக் கழுவிய வெண்கலச் சதமும் மஞ்சளாகத்தான் பளபளக்கும். எனவே எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனையின் துத்தநாக அளவு இல்லாமல் இந்தத் தலைப்பில் எதையும் பதிய வேண்டாம். நிறத்தை மட்டும் வைத்து வரைவில் ஏறியிருந்த இரண்டு பதிவுகளையும் எடுத்தாயிற்று.