துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால் இருக்கிறது, எம்33 எடுக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜவ்வாது மலையில் இருந்து முக்கோண கேலக்ஸியை, அதாவது எம்33-ஐப் படம் எடுக்க முயல்கிறேன். ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை விட்டுவிட்டு ஏன் இது என்று கேட்பீர்கள். என்னுடையது 6 அங்குல ஆடி, 750 மி.மீ. குவியத் தூரம் கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி. அதில் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவை மாட்டினால் ஆண்ட்ரோமீடாவின் 3 பாகை நீளம் படச் சட்டத்துக்குள் அடங்காது. எம்33 அம்சமாக உட்கார்ந்துகொள்ளும்.

சிக்கல் துருவச் சீரமைப்பில்தான், அதாவது நட்சத்திரங்களைப் பின்தொடரும் தாங்கியின் அச்சை வான துருவத்தை நோக்கி வைப்பதில். நம் ஊர் அட்சரேகைக்குத் துருவ நட்சத்திரம் தொடுவானத்தில் இருந்து சுமார் 12 பாகைதான் உயரம். நான் தங்கும் இடத்தில் அதை மலை மறைக்கிறது. இவ்வளவு தாழ்வாக ஈக்யூ5 (EQ5) தாங்கியைச் சாய்த்தால் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறது, அது வேறு. குத்துமதிப்பாகத் திருப்பி வைத்ததில் 30 விநாடி தாண்டினாலே நட்சத்திரங்கள் அரிசி போல நீள்கின்றன.

போன முறை 30 விநாடியில் 120 படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். மையம் தெரிகிறது, சுருள் கைகள் வெறும் புகை. எம்33-க்குள் இருக்கும் என்ஜிசி 604 என்ற பெரிய நெபுலாவின் (வாயு மேகத்தின்) சிவப்பும் வரவில்லை. கேமராவின் உள்வடிகட்டி ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியைத் தின்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

துருவம் தெரியாத இடத்தில் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நட்சத்திர நகர்வைப் பார்த்துத் திருத்தும் முறை போதுமா, இல்லை முதலில் வழிகாட்டும் கேமரா (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துத் தாங்கியைத் தானாகத் திருத்த உதவுவது) வாங்கவா? வடிகட்டியைக் கழற்றுவது அப்புறம்தான். அடுத்த அமாவாசைக்குள் பதில் கிடைத்தால் நல்லது.