ரூட் கேனால் செய்த பல்லில் போகாத கொப்புளம்: நானோ மருந்து பற்றி அனுபவம் உண்டா?

கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்து கேப் போட்டு நாலு வருஷம் ஆகிறது. வலி இல்லை. ஆனால் ஈறில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கொப்புளம். வரும், உடையும், வாயில் லேசாக உப்புக் கரிக்கும், மறைந்துவிடும். வலிக்காததற்கு யார் டாக்டரைப் பார்ப்பார்கள்? எட்டு மாதம் இழுத்தடித்தேன்.

கடைசியில் போனபோது, கொப்புளத்தின் துளைக்குள் மெல்லிய ஆரஞ்சு நிறக் குச்சி ஒன்றைச் செருகி எக்ஸ்ரே எடுத்தார் டாக்டர். பல்லுக்குள் அடைக்கிற அதே கட்டா பெர்ச்சாதானாம். படத்தில் அது வளைந்து போய்ப் பின்பக்க வேரின் நுனியில் நின்றது. பல்லைத் திறந்து, பழைய அடைப்பை எடுத்து, ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி விட்டுக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கார மருந்தை வைத்து மூடினார். இரண்டே வாரத்தில் கொப்புளம் திரும்ப வந்தது.

அப்புறம்தான் கிருமியைக் கொல்லும் வெள்ளி நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் தூள்) பற்றிப் படித்துவிட்டுப் போய்க் கேட்டேன். "என்கிட்ட அது இல்லை. இருந்தாலும் இப்போ உங்க பல்லுல போட மாட்டேன்" என்றார். இங்கே யாருக்காவது இதில் அனுபவம் இருக்கிறதா?

பதில் (பல் மருத்துவ மேற்படிப்பு மாணவி):

எனக்கு இருப்பது ஆய்வுக்கூட அனுபவம். பிடுங்கிய பற்களைச் சுத்தம் செய்து, உள்ளே என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமியை 21 நாள் வளர்ப்போம். கிருமிக்கு உணவான வளர்ப்பு ஊடகத்தை மாற்ற மறந்தால் மொத்தமும் போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் ஓட வேண்டும். கெட்டுப்போன ரூட் கேனால் பற்களில் அடிக்கடி அகப்படும் கிருமி இது. உணவில்லாமல் கிடக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தையும் ஓரளவு தாங்கும், ஏனென்றால் தன் உடலுக்குள் புரோட்டானை இழுத்துச் சமாளித்துக்கொள்கிறது. போதாததற்குக் கூட்டமாகப் பிசினுக்குள் ஒளிந்துகொள்ளும். அந்தப் பிசின் படலம்தான் பயோஃபில்ம்.

பல்லின் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கில் உள்ள நுண்குழாய்களின் அகலம் ஏறக்குறைய 1 முதல் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது 1000 நானோமீட்டர்). கிருமி அதற்குள் புகுந்துவிடும், வேருக்குள் சுரண்டிச் சுத்தம் செய்யும் நம் ஊசி போன்ற ஃபைல் புகாது. நானோ துகள் 100 நானோமீட்டருக்கும் குறைவு என்பதால் அங்கே போய்ச் சேரலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு.

ஆனால் சைஸ் சின்னதாக இருந்தால் போதாது, நேரமும் வேண்டும். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 0.1 சதவீத வெள்ளி நானோ கரைசலை விட்டு 2 நிமிடம் கழுவியபோது பயோஃபில்ம் குலையவில்லை. 0.02 சதவீத ஜெல்லாக 7 நாள் உள்ளேயே வைத்தபோது குலைந்தது. ஐந்தில் ஒரு பங்கு செறிவு! அடுக்கடுக்காக ஆழம் பார்க்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில், சாயமேற்றிய கிருமிகளில் உயிருள்ளவை பச்சையாகவும் செத்தவை சிவப்பாகவும் தெரியும். என் முதல் ஸ்லைடில் மேற்பரப்பு முழுக்கச் சிவப்பு, குதித்தேன். ஃபோகஸைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பச்சை. கைடு ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

வெள்ளி தவிர, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளின் நானோ துகளும் உண்டு. அதன் நேர்மின்னேற்றம் கிருமியின் எதிர்மின்னேற்றச் சுவரைப் பற்றிக்கொள்ளும். உள்ளே பல் கூழின் மிச்சமோ ரத்தப் புரதமோ இருந்தால் வீரியம் குறைந்துவிடும். பிடுங்கிய பல்லில் நன்றாக வேலை செய்வதை வாய்க்குள் எதிர்பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. உங்கள் டாக்டரோடு நான் ஒத்துப்போகிறேன்.

பதில் (இன்னொருவர்):

என் முன்பல்லில் முன்பு வெள்ளி கலந்த சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். நானோ இல்லை, சாதா வெள்ளிதான். பல் சாம்பல் நிறமாகிவிட்டது, இப்போது போட்டோவுக்கு வாயை மூடித்தான் சிரிக்கிறேன். கடைவாய் என்றால் கவலையில்லை, முன்பல்லில் வெள்ளி என்று யாராவது சொன்னால் நிறம் மாறுமா என்று முதலில் கேளுங்கள்.

முதலில் எழுதியவர், ஏழு மாதம் கழித்து:

முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்ததில் பின்பக்க வேரில் இரண்டாவதாக ஒரு கால்வாய் இருந்தது. முதல் தடவை யாரும் அதைத் திறக்கவே இல்லை. நான் நானோவைத் தேடிக்கொண்டிருந்தபோது கிருமி அங்கே வாடகை இல்லாமல் குடியிருந்திருக்கிறது. அதையும் திறந்து கழுவி, அதே பழைய கால்சியம் ஹைட்ராக்சைடை வைத்தார். பத்து நாளில் கொப்புளம் வற்றியது. ஆறு மாத எக்ஸ்ரேயில், தொற்றால் எலும்பு கரைந்ததைக் காட்டும் வேர் நுனியின் கறுப்பு நிழல் பாதியாகியிருக்கிறது. அடுத்த வருஷம் இன்னொரு படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.