பாக்ஸ்டர் பேட்டரி டவுன், பானட்டும் திறக்கல, பேட்டரி மாத்துறது எப்படி?

ஞாயிறுவண்டி:
வணக்கம்ங்க. வண்டி 2008 போர்ஷே பாக்ஸ்டர், 987ங்கற மாடல், நான் மூணாவது ஓனர். ஞாயித்துக்கிழமை காலைல அவிநாசி ரோட்டுல கூட்டம் சேர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கவர் போட்டு மூடிடுவேன், மழை பெஞ்சா அதுவும் கிடையாது, வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பேட்டரி போட்டு 5 வருஷம் ஆச்சு. போன மாசமே செல்ஃப் இழுத்து இழுத்து தான் அடிச்சுது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டேன், நடுவுல ஊர்ல கல்யாணம், 3 வாரம் வண்டிய தொடல. நேத்து போய் ரிமோட்ட அமுக்குறேன், சத்தமே இல்ல. சாவி போட்டு கதவ திறந்துட்டேன், உள்ள ஒரு லைட் கூட எரியல.

இங்க தான் கூத்து. பேட்டரி முன் பானட்டுக்குள்ள இருக்கு, பானட் லாக்கு கரண்ட்ல தான் திறக்குது. பீரோ சாவிய பீரோவுக்குள்ள வெச்சு பூட்டின கதை. சர்வீஸ் சென்டர்ல கேட்டா டோ பண்ணி கொண்டாங்க, பேட்டரியோட சேத்து 50 ஆயிரம் ஆகும்ங்கறாங்க. நானே மாத்த முடியுமா? ஏஜிஎம்ங்கற சீல் பண்ணின வகை பேட்டரி தான் போடணுமா, சாதா போதுமா? வீட்டுக்காரம்மா வேற 'நிக்க வெச்சு பாக்கறதுக்கு எதுக்கு பேட்டரி'ங்கறாங்க.

பழையஇரும்பு:
டோ எல்லாம் வேணாம்ங்க. கால் வைக்கிற இடத்து ஓரத்துல ஃப்யூஸ் பாக்ஸ் மூடி இருக்குல்ல, அத கழட்டினா உள்ள சிவப்பா ஒரு ப்ளஸ் முனை இருக்கும், அத வெளிய இழுக்கலாம், இதுக்குன்னே கம்பெனில வெச்சிருக்காங்க, மேனுவல்லயே போட்டிருக்கு. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு கொண்டு வந்து ஜம்பர் கேபிள் சிவப்ப அதுல மாட்டுங்க, கறுப்ப கதவு லாக்கு கொக்கி மாட்டுற இரும்புல பிடிங்க. வண்டி லாக்ல இருந்திருந்தா ஹாரன் அலறும், பயந்து கேபிள விட்றாதீங்க, ரிமோட்ட அமுக்கினா நின்னுடும். அப்புறம் சீட் ஓரத்துல இருக்கிற லீவர இழுத்தா பானட் டக்குனு திறந்துடும். பைக் பேட்டரியே போதும்னு சொல்வாங்க, ஆனா உங்க பேட்டரி இவ்ளோ செத்துக்கிடந்தா அது குடுக்கிற கரண்டையும் இதே குடிச்சிடும், அதனால கார் பேட்டரியே வைங்க. இந்த முனைல இருந்து வண்டிய ஸ்டார்ட் பண்ண மட்டும் பாக்காதீங்க, லாக்கு திறக்க மட்டும் தான் அது.

இன்னொண்ணு, தெரிஞ்ச மெக்கானிக்னு யாராவது லாரில இருந்து கேபிள் இழுத்தா கைய பிடிச்சு நிறுத்துங்க, லாரில ரெண்டு பேட்டரி சேத்து 24 வோல்ட். எங்க தெருவுல ஒருத்தர் அப்படி குடுத்து ஈசியூ, அதான் எஞ்சின் கம்ப்யூட்டர், போய் உக்காந்திருக்கார்.

கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது ப்ளஸ் முதல்ல. பழசு மேல ஸ்டிக்கர்ல ஏஎச் (எவ்ளோ கரண்ட் சேத்து வைக்கும்), சிசிஏ (குளிர்ல ஸ்டார்ட் பண்ண எவ்ளோ கரண்ட் குடுக்கும்) பாத்துக்கங்க, நீள அகலமும் அளந்துக்கங்க. பக்கத்துல கேஸ் வெளிய போற சின்ன ட்யூப் ஒண்ணு சொருகியிருக்கும், அத புது பேட்டரில மாட்ட மறந்துடாதீங்க, மூடின பெட்டிக்குள்ள ஹைட்ரஜன் தங்கக் கூடாது. கிட்டத்தட்ட 20 கிலோ கனம், குனிஞ்சு தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும், கூட ஒரு ஆள் வெச்சுக்கங்க. எல்லாம் மாட்டி லைட் எரியறத பாக்குற வரைக்கும் பானட்ட மூடாதீங்க!!

வோல்ட்மீட்டர்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, 3 வாரத்துல ஒரு லைட் கூட எரியாத அளவுக்கு எப்படி இறங்குச்சு? வயசான பேட்டரி தான், ஒத்துக்கறேன். ஆனா உங்க வண்டில எஞ்சின் நடுவுல இருக்கு, முன்னாடி இருக்கிற பேட்டரிக்கு அந்த சூடு படாது, அதான் 5 வருஷம் ஓடியிருக்கு. நிக்கிற வண்டி அலாரம், ரிமோட்டுக்குன்னு 50 மில்லி ஆம்ப் வரைக்கும் இழுக்கலாம், ஒரு நாளைக்கு 1.2 ஏஎச், 70 ஏஎச் பேட்டரில பாதி இறங்கவே ஒரு மாசம் ஆகும். அதுக்கு மேல இழுக்குதுன்னா புதுசையும் தின்னுடும். புது பேட்டரி மாட்டினதும் மைனஸ் கேபிள கழட்டி, அதுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மல்டிமீட்டர சீரீஸ்ல, 10 ஆம்ப் சாக்கெட்ல போட்டு, பானட் லாக்க ஸ்க்ரூட்ரைவரால தள்ளி மூடின மாதிரி பண்ணிட்டு 1 மணி நேரம் கழிச்சு பாருங்க. நடுவுல சாவி போடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும்.

ஏஜிஎம் போடுங்க. அடிக்கடி பாதி இறங்குற வண்டிக்கு அது கொஞ்சம் தாங்கும். கடைல தயாரிச்ச மாசம் கேளுங்க, ஆறேழு மாசம் அலமாரில தூங்கினத தலைல கட்டுவாங்க, அங்கயே மீட்டர் வெச்சு 12.6 வோல்ட்டுக்கு கீழ காட்டினா வேற குடுங்கன்னு சொல்லுங்க.

சும்மாபாக்கவந்தேன்:
தினம் காலைல 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா போதாதாண்ணா? எங்கப்பா அப்படித்தான் பண்ணுவாரு

வோல்ட்மீட்டர்:
அது உதவுற மாதிரி தெரியும் தம்பி, ஆனா செல்ஃப் அடிச்சதும் ஃபேனும் ஏசியும் தின்னதும் போக 5 நிமிஷத்துல பெருசா ஒண்ணும் திரும்ப ஏறாது, சைலன்சருக்குள்ள தண்ணி தான் நிக்கும். ஓட்டுனா அரை மணி நேரம் முக்கா மணி நேரம் ஓட்டணும், இல்ல நிக்கிற வண்டி பேட்டரிய நிறைவாவே வெச்சிருக்கிற ஒரு நல்ல மெயின்டெய்னர் சார்ஜர் போட்டு விட்டுடணும். 12.4 வோல்ட்டுக்கு கீழ மாசக்கணக்கா நின்னா பேட்டரிக்குள்ள இருக்கிற ஈயத் தட்டுல சல்ஃபேட் இறுகிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் வேஸ்ட்.

ஞாயிறுவண்டி:
மாத்தியாச்சுங்க!! மச்சினன் வண்டி பேட்டரிய கழட்டி கொண்டு வந்து கறுப்ப தொட்டதும் ஹாரன், பக்கத்து வீட்டு பாட்டி வாசலுக்கே வந்துட்டாங்க. பானட் திறந்துச்சு. ஏஜிஎம் 70 ஏஎச் வெளிய வாங்கி போட்டேன், பழசுக்கு கொஞ்சம் கழிச்சுக்கிட்டாங்க, அவங்க சொன்ன 50 ஆயிரத்துல பாதி கூட ஆகல.

வோல்ட்மீட்டர் அண்ணா சொன்ன மாதிரி பாத்தா 190 மில்லி ஆம்ப்! ஃப்யூஸ் ஒவ்வொண்ணா பிடுங்கி பாத்தோம், ஒண்ணுலயும் இறங்கல. கடைசில டேஷ்போர்டு அடில கறுப்பு டேப் சுத்தி ஒரு ஜிபிஎஸ் ட்ராக்கர், முன்னாடி ஓனர் மாட்டினது போல, நேரா மெயின் வயர்லயே சொருகியிருந்தாங்க. அத கழட்டினதும் 30க்கு வந்துடுச்சு. இத்தனை நாளா நான் எங்க போறேன்னு யாரோ பாத்துட்டு இருந்திருக்காங்க.

பழையஇரும்பு:
வாரத்துக்கு ஒரு தடவ அதே ரோடுன்னு பாத்து அவரே சலிச்சிருப்பார் 😄 கதவு கண்ணாடி செட் பண்ணீங்களா? பேட்டரி கழட்டினா அது எல்லைய மறந்துடும், கதவ திறக்கும்போது வழக்கமா கொஞ்சம் கீழ இறங்குறது இறங்காது, அப்படியே அறைஞ்சு மூடினா ரப்பர் போயிடும். முழுசா ஏத்திட்டு பட்டன இன்னொரு தடவ மேல இழுத்துப் பிடிங்க, ரெண்டு பக்கமும்.

ஞாயிறுவண்டி:
ஐயோ மறந்தே போச்சு. இதோ கீழ போறேன்